எங்கூர்ல கலையரங்கம் வந்தா ஊர் வளருமா?

கேள்வி: கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க நாங்க, பழைய டாக்கீஸ் மூடிக் கிடக்கு, அத கலையரங்கமா மாத்தலாம்னு பசங்க சொல்றாங்க. சாயங்காலம் ஆனா எல்லாரும் பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ பஸ் ஏறிடறாங்க. இதுனால பிரயோஜனம் இருக்குமா?

பதில் 1: செறுதுருத்திய பாருங்க. மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1930ல ஆரம்பிச்ச கலாமண்டலம்ங்கற கதகளிப் பள்ளி அங்க வந்து நிலைச்சதுனாலதான் பாரதப்புழா ஓரத்துல இருக்கற சின்ன ஊர் பேரு வெளிநாடு வரைக்கும் தெரியுது. ஆனா ஒண்ணு, அது கட்டடம் மட்டும் இல்ல, தினமும் காலைல இருந்து பசங்க கத்துக்கற எடம், அங்கயே தங்கிப் படிக்கறாங்க, அப்ப சாயாக்கடை, தையல், சமையல்னு எல்லாத்துக்கும் தன்னால வேலை வரும்ல. வருஷத்துக்கு ரெண்டு விழா நடத்திட்டுப் பூட்டினா வௌவால்தான் குடியிருக்கும்.

பதில் 2: அரங்கத்துக்கு முன்னாடி வாசகசாலை போடுங்கப்பா, செலவு கம்மி. கேரளாவுல வாசகசாலை இயக்கத்த வளர்த்த பி.என். பணிக்கர் 1945ல 47 வாசகசாலைகள வச்சுத்தானே வாசகசாலைச் சங்கமே தொடங்குனாரு.

பதில் 3: எல்லாம் சரி, தமிழ் புஸ்தகம் இருக்குமா? எங்க ஊர் வாசகசாலைல ஒரே ஒரு அலமாரி, அதுக்கும் சாவி இல்ல 😄

கேள்வி கேட்டவர்: சாவி நம்ம கிட்டயே இருக்கட்டும்ங்க. ஞாயித்துக்கிழமை பறை, கும்மி கிளாஸ்ல ஆரம்பிக்கறோம், டாக்கீஸ் ஓனர் கிட்ட வாடகை பேசணும்.