பொந்து விழுந்த மரம்

சித்தி: இன்று மாலை குட்டிக்கு ஒரு பழைய கார்ட்டூன் போட்டுக் காட்டினேன். 1932இல் டிஸ்னி எடுத்த ‘ஃபிளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’. எட்டு நிமிடம்தான், வசனமே கிடையாது. பொழுது விடிந்ததும் பூக்களும் காளான்களும் எழுந்து இசைக்கு ஏற்ப உடற்பயிற்சி செய்கின்றன. பார்த்ததிலிருந்து இவள் மாடியில் செம்பருத்தித் தொட்டி முன் நின்று “எழுந்திரு, கையைத் தூக்கு” என்று அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா: என் தங்கமே! கதை என்ன சித்தி?

சித்தி: ஒரு பெண் மரம். அதற்காக இளமரம் ஒன்றும் பொந்து விழுந்த கிழமரம் ஒன்றும் சண்டை போடுகின்றன. தோற்றுப்போன கிழமரம் காட்டுக்கே தீ வைத்துவிடுகிறது. பறவைகள் மேலே போய் மேகத்தில் ஓட்டை போட்டு மழையை இறக்குகின்றன. கடைசியில் ஒரு புழு தானே சுருண்டு கல்யாண மோதிரமாகிறது!

பெரியப்பா: அந்தப் படம் முதலில் கறுப்பு வெள்ளையில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. டெக்னிகலர் என்ற நிறுவனத்தின் மூவண்ண முறையைப் பார்த்ததும், செய்த வேலையை ஒதுக்கிவிட்டு வண்ணத்தில் மறுபடி எடுக்கச் சொன்னார் வால்ட் டிஸ்னி. செலவை நினைத்து அண்ணன் ராய் எவ்வளவோ தடுத்தார். கேட்கவில்லை.

நான்: அதற்கு முன் வண்ணப் படங்களே இல்லையா பெரியப்பா?

பெரியப்பா: இருந்தன. சிவப்பையும் பச்சையையும் வைத்து ஒப்பேற்றினார்கள். நீலம் நீலமாக வராது. பூக்களைக் காட்ட அது எப்படிப் போதும்?

முப்பது வருடம் அச்சகத்தில் நின்றவன் சொல்கிறேன். டெக்னிகலரில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி அச்சுப் படலம் உண்டு. ஒவ்வொன்றையும் சாயத்தில் தோய்த்து ஒரே ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றுவார்கள். நாம் காலண்டர் அடிப்பது மாதிரிதான். ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் ரோஜாவின் சிவப்பு இதழை விட்டு வெளியே நிற்கும். அப்படி எத்தனை தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்! அங்கே நொடிக்கு 24 படம், மொத்தம் 11,000க்கு மேல். கார்ட்டூன் வரையும் செல்லுலாய்டுத் தகட்டில் பூசிய வண்ணம் வேறு காய்ந்து உதிர்ந்திருக்கிறது. அதற்கென்றே புது வண்ணம் குழைத்தார்கள்.

அக்கா: இத்தனை பாடுபட்டதற்குப் பலன் கிடைத்ததா?

பெரியப்பா: கார்ட்டூன் குறும்படத்துக்கு என்று கொடுத்த முதல் ஆஸ்கர் அதற்குத்தான். அதோடு, மூவண்ண முறையை 1935 முடியும் வரை வேறு எந்தக் கார்ட்டூன்காரரும் தொட முடியாதபடி ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள்.

பாட்டி: எல்லாம் சரி. எனக்கு ஒன்று மனதுக்கு ஒப்பவில்லை. பொந்து விழுந்த மரம் என்றால் கெட்ட மரமா? நம் கொல்லை மாமரத்துப் பொந்தில்தான் வருடா வருடம் கிளி குஞ்சு பொரிக்கிறது.

சித்தி: குட்டியும் அங்கேதான் அழுதாள் அத்தை. எல்லோரும் கல்யாணத்தைப் பார்க்க, இவள் கருகிக் கிடந்த கிழமரத்தையே பார்த்தாள். “மழை ஏன் அதற்கு மட்டும் பெய்யவில்லை?” என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

பெரியப்பா: நான் வண்ணத்தையே பார்த்துவிட்டேன். அந்த மரத்தை இந்தக் கண்ணால் பார்க்கவில்லை அம்மா.

பாட்டி: ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அழைத்து வா. மாமரத்தை அவள் தொட்டுப் பார்க்கட்டும். ஏணியைப் பெரியவன் பிடித்துக்கொள்ளட்டும்.

சித்தி: பத்து மணிக்குள் வந்துவிடுகிறோம் அத்தை.

பாட்டி: பத்து மணிக்குக் கிளி இருக்காது. ஆறரைக்கே வந்துவிடுங்கள்.