நேரலையில் பார்த்து இன்னும் மனசை விட்டுப் போகாத நிமிஷம் எது? பெங்களூர்த் தமிழர்கள் சொல்லுங்கள்

அல்சூர்வாசி:
2022 ஜூலை 13. இலங்கை அதிபராக இருந்த கோத்தபய விடியற்காலையிலேயே மாலத்தீவுக்குப் போய்விட்டார், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் மாடிவீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவரோடு உட்கார்ந்து போனில் இலங்கை அரசு டிவியான ரூபவாஹினி பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு போராட்டக்காரர் திரையில் வந்து, இனிமேல் போராட்டச் செய்தி மட்டும்தான் என்கிறார். பெரியவர்தான் எனக்கு அர்த்தம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒளிபரப்பே நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தக் கறுப்புத் திரையை முகத்தருகே பிடித்துப் பார்த்தார். "நிப்பாட்டிப் போட்டாங்கள் தம்பி" என்றார். 83 கலவரத்தில் கிளம்பி வந்தவர். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா பயமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மடிவாளா மெஸ்:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் போராட்டக்காரர்கள் புகுந்த அதிபர் மாளிகை, நீச்சல்குளம், ரூபவாஹினி என்றே பேசுகிறார்கள். புது அதிபரைத் தேர்ந்தெடுத்த ஜூலை 20 வாக்கெடுப்பை ஏன் யாரும் சொல்வதில்லை? பாராளுமன்றத்தில் ரணிலுக்கு 134, டலஸுக்கு 82, அநுரவுக்கு வெறும் 3. அதே அநுர 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம்! யாருக்கும் பாதியைத் தாண்டாததால், அந்த நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் விருப்ப வாக்கையும் எண்ணினார்கள். மெஸ்ஸில் எதிரே இருந்த வவுனியாக்காரர் சாம்பார் கையோடு மேசையில் 1, 2 என்று எழுதிக் காட்டினார். சோறு ஆறிப்போனது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

கேஆர்புரம்:
அரசியல் தெரியாது, என்னுடையது லாட்டரி. கேரள அரசின் 2024 ஓணம் பம்பர், முதல் பரிசு 25 கோடி. பாலக்காட்டில் 500 ரூபாய்க்கு வாங்கி வந்த சீட்டோடு பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டில் நேரலை பார்த்தார். டிஜி வரிசை, அவர் சீட்டும் அதே. முதல் எண் 4, அதுவும் சரி. மிச்ச எண்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினார். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. பரிசு மண்டியா பாண்டவபுரத்துக்காரருக்குப் போனது. இவ்வளவு பக்கத்து ஊர் என்பதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

ஒசூர் ரோடு:
என் மச்சான் வாட்ஸப்பில் வந்த கேரளா சீட்டுப் படத்துக்குப் பணம் அனுப்பி ஏமாந்தார், அவ்வளவுதான் என் கதை. ஆனால் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். கேரள அரசு காகிதச் சீட்டு மட்டும்தான் விற்கிறது, ஆன்லைனில் கிடையவே கிடையாது. கர்நாடகாவில் 2007லிருந்தே லாட்டரிக்குத் தடை, நம் தமிழ்நாட்டில் 2003லிருந்து. இங்கே யாராவது மறைத்து விற்றால் வாங்காதீர்கள். கேரளாவுக்கே போய் வாங்கினால் உடனே பின்பக்கம் பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விழுந்தால் 30 நாளுக்குள் அசல் சீட்டைக் கொடுக்க வேண்டும். 10,000க்கு மேல் போனால் 30 சதவீத வரியை அவர்களே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். "முதலில் ஜிஎஸ்டி கட்டுங்கள், அப்புறம் பரிசு" என்று போன் வந்தால் அவன் திருடன், பேசாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். கேஆர்புரம், அந்த அக்கா மற்ற பரிசுகளையும் பார்த்தாரா?

கேஆர்புரம்:
பார்த்தார். கடைசிப் பரிசு 500 ரூபாய்கூட விழவில்லை.

அல்சூர்வாசி:
மடிவாளா தம்பி, 20ஆம் தேதி நானும் பார்த்தேன். பெரியவரைக் கூப்பிட்டேன், அவர் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை.