நீங்கள் சந்தித்தது எந்த நிக்சனை? – அனுபவப் பகிர்வு

நான் நிக்சனை முதலில் பார்த்தது ரப்பர் முகமூடியாகத்தான். 'பாயின்ட் பிரேக்' (1991) படத்தில் நான்கு பேர் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதிகளின் முகமூடியை மாட்டிக்கொண்டு வங்கிக்குள் நுழைவார்கள். ரீகன், கார்ட்டர், ஜான்சன், நிக்சன். அப்போது பள்ளிக்கூடப் பையன், அமெரிக்க அரசியல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் வில்லன் என்று மனதில் பதிந்தது நிக்சன் முகம்தான். தொங்கிய கன்னம், நுனி தூக்கிய மூக்கு, சவரம் செய்தும் கறுத்துத் தெரிகிற தாடை.

அந்த முகத்தை வாட்டர்கேட் ஊழல் (எதிர்க்கட்சி அலுவலகத்தில் பூட்டை உடைத்து நுழைந்து, பிறகு அதை மூடி மறைத்த விவகாரம்) உண்டாக்கவில்லை என்பது பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' கார்ட்டூனிஸ்ட் ஹெர்ப்ளாக் 1954-லேயே அவரைச் சாக்கடைக் குழியிலிருந்து ஏறி வருகிறவராக வரைந்துவிட்டார். நிக்சன் அப்போது துணை ஜனாதிபதி. 1960-இல் கென்னடியோடு நடந்த முதல் டி.வி. விவாதத்துக்கு, முழங்கால் சிகிச்சை முடிந்து கொஞ்ச நாளிலேயே, சரியான மேக்கப் இல்லாமல் வெளிறிப்போய் வந்து நின்றார். 1972-இல் வாட்டர்கேட் வந்தபோது, கேலி பண்ணுவதற்கான முகம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அதனாலேயே எனக்குப் பிடித்த நிக்சன் படம், நிக்சனாக யாருமே நடிக்காத படம். 'ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்' (1976). கடைசிக் காட்சியைப் பாருங்கள். செய்தி அறையில் முன்னால் ஒரு டி.வி. அதில் நிக்சன் இரண்டாம் முறை பதவிப் பிரமாணம் எடுக்கிறார், பீரங்கி மரியாதை முழங்குகிறது. பின்னால், தூரத்து மேசைகளில், வாட்டர்கேட்டைத் துருவி எழுதிய 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர்கள் உட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டச்சுச் சத்தம் மேலே வருகிறது. உண்மையான நிக்சனின் பழைய ஒளிப்பதிவு மட்டும்தான், மூக்கு ஒட்டவில்லை, குரலை மிமிக்ரி செய்யவில்லை. அந்தப் பயம் வேறு எந்தப் படத்திலும் எனக்கு வரவில்லை.

உங்களுக்கு எந்த நிக்சன் கிடைத்தார்? படம், நாடகம், கார்ட்டூன், பாட்டு எதுவானாலும் எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கு 'ஃப்ராஸ்ட்/நிக்சன்' (2008). பதவி விலகிய நிக்சனை டி.வி.க்காரர் டேவிட் ஃப்ராஸ்ட் 1977-இல் எடுத்த பேட்டியைப் பற்றிய படம். நிக்சனாக வரும் ஃபிராங்க் லாஞ்ஜெல்லா ஜாடையை நம்பி நடிக்கவில்லை. கூனிய தோள், அடித்தொண்டையிலிருந்து வருகிற குரல், எதிராளி பேசும்போது அசையாமல் பார்க்கிற பார்வை, அவ்வளவுதான். நள்ளிரவில் குடித்துவிட்டு டேவிட் ஃப்ராஸ்டுக்கு அவர் போன் செய்கிற காட்சியைப் பலமுறை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு போன் நடக்கவே இல்லை, அது கதாசிரியர் பீட்டர் மார்கனின் கற்பனை.

போன் காட்சியை விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 'ஜனாதிபதி செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது' என்ற அந்தப் பிரபலமான பதில், படத்தில் வாட்டர்கேட் பற்றிய கேள்விகளின் உச்சத்தில் ஆவேசமாக வெடிக்கிறது. 1977-இன் அசல் பேட்டியில் அது வாட்டர்கேட் பகுதியிலேயே இல்லை. எதிர்ப்பாளர்களை வேவு பார்க்கவும் பூட்டை உடைத்து நுழையவும் போட்ட திட்டம் ஒன்றைப் பற்றி, வேறொரு பகுதியில், நிதானமாகச் சொல்கிறார். வக்கீல் ஒருவர் சட்டத்தை விளக்குகிற தொனி. ஆவேசத்தில் வாய் தவறி வந்த வார்த்தை என்றால் மன்னித்துவிடலாம். அசலில் அவர் அதை நம்பிச் சொல்கிறார். படம் பார்த்தவர்கள் தயவுசெய்து அசலையும் பாருங்கள், இணையத்தில் கிடைக்கிறது.

மறுமொழி 2

'ஃப்யூச்சராமா' பார்த்து வளர்ந்த தலைமுறை நான். கண்ணாடிக் குடுவைக்குள் மிதக்கிற நிக்சனின் தலை. ரோபோ பென்டரின் உடம்பில் ஏறி 3000-ஆம் ஆண்டில் பூமிக்கே ஜனாதிபதியாகிவிடும். அப்படி ஒருவர் உண்மையில் இருந்தார் என்பதே எனக்குக் கல்லூரியில்தான் தெரியும். 1974-இல் பதவி விலகியவர் கால் நூற்றாண்டு கழித்தும் சின்னப் பசங்களின் கார்ட்டூனில் தேர்தலில் ஜெயிக்கிறார் என்றால், அந்தப் பயம் அந்த மக்களை விட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 3

நாங்கள் தெற்கு கலிஃபோர்னியாவில் இருந்தபோது யோர்பா லிண்டாவில் இருக்கிற நிக்சன் நூலகத்துக்குப் போயிருக்கிறோம். அவர் பிறந்த வீடு அங்கேயே இருக்கிறது, அவருடைய அப்பா கட்டிய சின்ன மர வீடு. பதவி விலகிய அன்று வெள்ளை மாளிகையிலிருந்து அவரை ஏற்றிப்போன ஹெலிகாப்டரும் நிற்கிறது. வாசலில் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, விரல்களால் 'வி' காட்டினாரே, அதே ஹெலிகாப்டர். எல்லாப் படங்களும் காப்பியடித்த அந்த அசைவு நடந்த படிகள் அவை.

அங்கே வாட்டர்கேட் பகுதி முன்பு நிக்சன் தரப்புக்குச் சாதகமாக இருந்தது. தேசிய ஆவணக் காப்பகம் பொறுப்பேற்ற பிறகு 2011-இல் அதை முழுக்க மாற்றி வைத்தார்கள். வெள்ளை மாளிகையில் தன் பேச்சுகளை நிக்சனே ரகசியமாகப் பதிவு செய்துவைத்த ஒலிநாடாக்களை அங்கே கேட்டபோது என் கணவரும் நானும் ஒன்றும் பேசவில்லை. படங்களில் வருகிற உறுமல் இல்லை. ஆபீஸில் சாயங்காலம் மேனேஜர் தன் ஆட்களிடம் ஒரு வேலையை முடிக்கச் சொல்வதுபோல, சாதாரணக் குரலில், எஃப்.பி.ஐ. விசாரணையை சி.ஐ.ஏ.வை வைத்து நிறுத்தச் சொல்கிற பேச்சு. 1972 ஜூன் 23 பதிவு அது. எந்த நடிகரும் இதைச் செய்ததாக எனக்கு நினைவில்லை. நடிகர்கள் எல்லோருமே அவரை ஒரு படி சத்தமாக ஆக்கிவிடுகிறார்கள்.

மறுமொழி 4

அக்கா சொன்ன ஒலிநாடாவிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் நிக்சன் என்றால் வாட்டர்கேட் இல்லை, அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை. 1971 டிசம்பரில், இந்தியா-பாகிஸ்தான் போரின்போது, 'என்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியவர் என்றுதான் அப்பா அவரைச் சொல்வார். அதனால் நான் பார்த்த ஒவ்வொரு நிக்சன் படத்திலும் டாக்காவை, அதாவது இன்றைக்கு வங்கதேசமாக இருக்கிற அன்றைய கிழக்கு பாகிஸ்தானை, தேடியிருக்கிறேன்.

ஆலிவர் ஸ்டோனின் 'நிக்சன்' (1995) மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அம்மா மேல் இருந்த பயம், கென்னடி மேல் இருந்த பொறாமை, வியட்நாம், கம்போடியா, சீனா எல்லாம் உண்டு. ஆந்தனி ஹாப்கின்ஸ் நன்றாகவே நடித்திருக்கிறார். கிழக்கு பாகிஸ்தான் படுகொலைக்கு ஒரு காட்சி இல்லை.

அப்புறம் 'நிக்சன் இன் சைனா'. ஜான் ஆடம்ஸ் இசையில் 1987-இல் ஹூஸ்டனில் அரங்கேறிய ஆப்பரா. நான் வீடியோவில்தான் பார்த்தேன். விமானத்திலிருந்து இறங்கிக் கை குலுக்கிக்கொண்டே 'செய்தி, செய்தி' என்று திரும்பத் திரும்பப் பாடுகிற நிக்சன். கடைசி அங்கத்தில் இரவு, கட்டில்கள், களைத்துப்போன தலைவர்கள். போர்க்காலத்தில் பசிபிக் தீவில் கடற்படை அதிகாரியாக இருந்தபோது ஹாம்பர்கர் சுட்டுக் கொடுத்ததை மனைவி பேட்டிடம் நினைவுகூர்கிறார். அந்த இடத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு நிஜமாகவே இரக்கம் வந்தது. நிக்சனை வைத்து உருவானவற்றில் அதுதான் மிகப் பெரிய கலைப்படைப்பு என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் அந்த விமானம் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இறங்குவதற்கு வழி எங்கிருந்து கிடைத்தது? பாகிஸ்தானிலிருந்து. சீனாவோடு ரகசியப் பேச்சுக்கு முக்கியமான தூது பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹ்யா கான். 1971 ஜூலையில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் ரகசியமாக பீக்கிங் பறந்ததும் அங்கிருந்துதான். அதே மாதங்களில் யாஹ்யா கானின் ராணுவம் கிழக்கில் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவராக இருந்த ஆர்ச்சர் ப்ளட், தன் அரசாங்கத்தின் மௌனத்தைக் கண்டித்து ஏப்ரல் 6-ஆம் தேதி தந்தி அனுப்பினார். 20 அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட தந்தி அது. வாஷிங்டன் செய்தது, அவரை அங்கிருந்து மாற்றியதுதான். நவம்பரில் இந்திரா காந்தி போய்ச் சந்தித்த மறுநாள் காலை, நிக்சன் அவரைக் கிழட்டுச் சூனியக்காரி என்று கிஸிஞ்சரிடம் சொன்னதும் அதே ஒலிநாடாக்களில் பதிவாகியிருக்கிறது. 2005-இல் வெளியான ஆவணங்களில் படிக்கலாம்.

வெகுஜனக் கலை அன்றைக்கே வங்கதேசத்தைக் கண்டுகொள்ளாமலும் இல்லை. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார்கள். உலகமே கேட்டது. அந்தக் கச்சேரி ஒரு பக்கம், நிக்சன் முகமூடி ஒரு பக்கம் என்று தனித்தனியாகவே நின்றுவிட்டன. ஒரு கட்சி அலுவலகத்தில் பூட்டை உடைத்ததற்காக அவர் 50 வருடமாக வில்லன். லட்சக்கணக்கான பேர் செத்தபோது வாய்மூடி இருந்ததற்கு ஒரு கார்ட்டூன்கூட என் கண்ணில் படவில்லை. எனக்கு இது ஆறவில்லை.

ஒலிநாடா இருக்கிறது, ப்ளட்டின் தந்தி இருக்கிறது, ஒரு படத்துக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. டாக்காவையும் வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகத்தையும் ஒரே கதையில் காட்டிய படமோ நாடகமோ யாராவது பார்த்திருந்தால் பெயரை எழுதுங்கள். வங்காளியில் இருந்தாலும் சரி, தேடிப் பார்த்துவிடுகிறேன்.