உல்லன் நூலில் அந்து: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

போன மார்கழியில் தங்கச்சி குழந்தைக்குக் குல்லா பின்னலாம் என்று பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கினேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஸ்வெட்டருக்கு என்ன வேலை, ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் ஆசைக்கு வாங்கிச் சேர்த்த நூல்கண்டுகள்தான். நீலக் கண்டை இழுத்தால் ஒரு முழம் வருகிறது, அறுந்துவிடுகிறது, மறுபடி ஒரு முழம், மறுபடி அறுந்துவிடுகிறது. பெட்டி அடியில் நீல நிறத்தில் மணல் மாதிரி ஏதோ. சாயம் உதிர்ந்திருக்கிறது என்று நினைத்து விரலில் நசுக்கிக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அந்துப்பூச்சியின் புழு போட்ட எச்சம்! நீல நூலைத் தின்றால் நீலமாகத்தான் போடும்.

பக்கத்திலேயே இருந்த சிவப்புக் கண்டில் ஒரு கடி இல்லை. சந்தேகப்பட்டு இரண்டிலும் ஒரு இழை கிள்ளித் தீக்குச்சி காட்டினேன். நீலம் முடி கருகுகிற நாற்றத்தோடு சாம்பலானது, சிவப்பு உருகிக் கெட்டி மணியாக நின்றது, அக்ரிலிக். இரண்டையும் சுத்தக் கம்பளி என்றுதான் கடையில் விற்றார்கள். அந்து ஏமாறவில்லை, நான்தான்.

வேப்பந்தழை போட்டுத்தான் வைத்திருந்தேன். சரியாகக் காயாத தழை, பூஞ்சணம் பிடித்ததுதான் மிச்சம். இப்போது மிஞ்சிய நூலை இரண்டு நாள் நல்ல வெயிலில் உதறிப் போட்டு, கவரில் இறுக்கிக் கட்டி ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். மாமியார், "ஏனம்மிணி, மீன் வெக்கற எடத்துல ஆட்டு மசுரா?" என்றார். எடுத்தவுடன் கவரைப் பிரிக்காதீர்கள், குளிர் விடட்டும், இல்லாவிட்டால் நூல் வியர்த்து ஈரமாகிவிடும்.

தாராபுரத்துக்காரி:
அக்கா, பறக்கிற பூச்சியை அடித்துப் பயனில்லை, அது துணியைத் தின்பதே இல்லை, முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்னும். எங்கள் வீட்டில் வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து வைப்போம். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது, முதலில் வெயில், அப்புறம்தான் வசம்பு. குழந்தைக் குல்லாவோடு அந்துருண்டை மட்டும் வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அந்த நெடியே ரத்த அணுவை உடைத்துவிடும்.

காங்கயம் மாப்பிள்ளை:
எங்கள் அப்பாரு குறும்பாட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் பட்டிக்குக் காவல் போவார். வசம்பும் கிடையாது ஒன்றும் கிடையாது, விடிந்ததும் வேலி மேல் விரித்துவிடுவார், அவ்வளவுதான். அவர் போன பிறகு ஞாபகத்துக்கு என்று மடித்துப் பீரோவில் வைத்தோம். மூன்றாம் வருஷம் பிரித்தால் மடிப்பு மடிப்பாக ஓட்டை.

தாராபுரத்துக்காரி:
அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அண்ணா. ஃபிரீசரில் நுழையாது, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போடுங்கள், திருப்பித் திருப்பி.