ஊர்ப்பாதை பெரிய ரோட்டில் 45 டிகிரியில் சாய்ந்து சேருகிறது, எப்படித் திருத்துவது?

வயலோரம்:
பர்மாவில் பெகுவிலிருந்து தட்டோன் போகும் ரோட்டில் எங்கள் ஊர்ப்பாதை வந்து ஏறும் இடம் பற்றிக் கேட்கிறேன். பெரிய ரோடு வயலைவிட ஒன்றரை மீட்டர் உயரம், தார் அகலம் 7 மீட்டர். ஊர்ப்பாதை தட்டோன் பக்கமாகச் சாய்ந்து, ஏறக்குறைய 45 டிகிரியில் சேருகிறது. மழைக்கு முன்னால் ஊர்ப்பாதைக்குத் தார் போடப் போகிறார்கள். முக்கில் ஒரு குவிகண்ணாடி வைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். போதுமா அண்ணே? இல்லை, பாதை ரோட்டில் சேரும் வாயையே திருத்தச் சொல்லலாமா?

கோணமானி:
தம்பி, வாயைத் திருத்தச் சொல்லுங்கள். குவிகண்ணாடியில் வண்டி சின்னதாகத் தெரியும், என்ன வேகத்தில் வருகிறது என்று கணிக்க முடியாது. மழை பெய்தால் அதுவும் தெரியாது.

கோளாறு கோணத்தில்தான். 1970இல் நம் நாட்டில் ஓட்டம் வலப்பக்கம் மாறியது. ஆனால் ரோட்டில் ஓடும் ப்ரோபாக்ஸ், ஹைஏஸ் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த வலது ஸ்டியரிங் வண்டிகள். உங்கள் வாயில் வந்து நிற்கும் டிரைவருக்கு, பெகு பக்கமிருந்து வரும் வண்டி இடது தோளுக்குப் பின்னால், 135 டிகிரியில் இருக்கும். அவர் உட்கார்ந்திருப்பதோ வலது ஓரத்தில். பக்கத்து சீட்டு ஆள், நடுத்தூண், பின்கதவு எல்லாவற்றையும் தாண்டிப் பார்வை போகவேண்டும். பின்னால் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் ஒன்றுமே தெரியாது. பாதை மறுபக்கம் சாய்ந்திருந்தால் தன் ஜன்னல் வழியாகவாவது திரும்பிப் பார்ப்பார். 60 டிகிரி வரை ஒத்துக்கொள்ளும் ரோடு வடிவமைப்புக் கையேடுகள் இடது ஸ்டியரிங்கை மனதில் வைத்து எழுதியவை. இங்கே 75க்குக் கீழே போகவே கூடாது, 90 கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, சாய்வாகக் கடந்தால் 7 மீட்டர் ரோடு 9.9 மீட்டர் ஆகிவிடும். நெல் ஏற்றிய தோலாஜிக்கு (கை டிராக்டர் இழுக்கும் வண்டி) அந்த மூன்று மீட்டர் பெரிய விஷயம்.

ஊர்ப்பாதையின் கடைசி 40 மீட்டரை வளைத்தால் போதும். 30 மீட்டர் ஆரத்தில் 45 டிகிரி திருப்ப ஏறக்குறைய 24 மீட்டர் வளைவு வேண்டும். அதன்பின் 15 மீட்டர் நேராகப் போய்ச் செங்குத்தாகச் சேரட்டும். அந்த 15 மீட்டரைச் சுருக்கினால் லாரி வளைந்தபடியே நிற்கும், பழைய கோளாறு அப்படியே திரும்பி வரும். ஏற்றத்தையும் வளைவுக்குள்ளேயே முடித்துவிடுங்கள். நிற்கும் இடத்தில் சரிவு 2, 3 சதவீதத்தைத் தாண்டினால் பாரவண்டி கிளம்பும்போது பின்னால் உருளும்.

சங்கிலி அளவு:
கோணம் சரி. ஆனால் வளைத்த பிறகும் பார்வைத் தூரம் கிடைக்கிறதா என்று இடத்திலேயே அளந்து பார்க்கவேண்டும். போர்டில் எழுதிய வேகத்தை நம்பாதீர்கள். பெரிய ரோட்டில் 100 மீட்டருக்குக் கோடு போட்டு, முன்னால் வண்டி இல்லாமல் வரும் 100 வண்டிகளுக்கு நேரம் பிடியுங்கள். 4.5 வினாடி என்றால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைக் குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தி 85ஆவது வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது 80 என்று வந்தால் இடது திரும்பும் காருக்கு 7.5 வினாடி இடைவெளி வேண்டும், அதாவது 167 மீட்டர். இரண்டு அச்சு லாரிக்கு 9.5 வினாடி, 211 மீட்டர். தோலாஜி லாரியைவிட மந்தம், அதனால் 211ஐயே குறைந்த அளவாக வையுங்கள்.

தார் விளிம்பிலிருந்து 4.4 மீட்டர் உள்ளே 1.08 மீட்டர் உயரத்தில் ஒரு குச்சி நடுங்கள், அதுதான் டிரைவர் கண். வலது ஸ்டியரிங்குக்காகத் தடத்தின் வலது ஓரமாக நடவேண்டும். இன்னொருவர் அதே உயரக் குச்சியோடு ரோட்டோரமாக நடந்துபோகட்டும். எங்கே மறைகிறதோ அங்கே என்ன நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வெற்றிலைக் கடைக் கூரை, விளம்பரப் பலகை, அல்லது கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவர். கோடையில் அளந்துவிட்டு விட்டுவிடாதீர்கள், மழைக்கடைசியில் புல் இடுப்பளவு நிற்கும்போது இன்னொரு தடவை அளக்கவேண்டும்.

மண்வெட்டி:
கோணத்தை அப்படியே விட்டு, தட்டோன் பக்கம் திரும்புகிறவர்களுக்குத் தனி ஓட்டத் தடம் போட்டால் என்ன? நிலம் குறைவாகத்தானே போகும்?

கோணமானி:
வேண்டாம் அண்ணே. அப்படிச் சேருவதென்றால் சில டிகிரிதான் சாயலாம், வேகம் பிடிக்க நீளமான தடமும் வேண்டும். 45 டிகிரி ஓடியபடியே சேரவும் ஆகாது, நின்று பார்த்துச் சேரவும் ஆகாது. தவிர, இடது பக்கம் பெகுவுக்குத் திரும்புகிறவரும் அதே வாயில்தான் வருவார்.

காசு மிச்சமிருந்தால் வாய்க்கு எதிர்ப்புறம் பெரிய ரோட்டின் தோளை (தார் ஓரத்து மண்பகுதியை) 3 மீட்டர் அகலத்துக்குத் தார் போடுங்கள். தட்டோன் பக்கமிருந்து வந்து ஊருக்குள் இடது திரும்பக் காத்திருக்கும் வண்டியைப் பின்னால் வருகிறவர் வலப்பக்கமாகச் சுற்றிப் போகலாம். வலது ஸ்டியரிங்காரருக்கு முன்வண்டியின் இடப்பக்கம் எட்டிப் பார்க்க வழியில்லை. தோள் இல்லாவிட்டால் இடது பக்கமாகப் பாதி உடம்பை எதிர்த்தடத்தில் நீட்டித்தான் பார்ப்பார், நேருக்கு நேர் மோதுவது அங்கேதான்.

வயலோரம்:
நன்றி அண்ணே. பழைய சாய்வு வாயை என்ன செய்வது? அப்படியே விட்டால் போதுமா?

சங்கிலி அளவு:
விடாதீர்கள். பைக்கும் தோலாஜியும் அதிலேதான் போகும். பழைய கல்லைப் பெயர்த்து எடுத்து, வயல் மட்டத்துக்கு வெட்டி, ஓரக்கால்வாயை அதன் குறுக்கே திறந்துவிடுங்கள். புது வாய்க்கு அடியில் குழாய் போட்டபிறகு இதைச் செய்யுங்கள், முதல் மழைக்குத் தண்ணீர் போக வழி இருக்கும். குழாயின் இரண்டு முனையும் தோளைத் தாண்டி வெளியே நிற்கவேண்டும், மேலே சுவர் எழுப்ப வேண்டாம்.