பெங்களூரு மாநகராட்சித் தேர்தல்: வாக்குச்சீட்டை எண்ண ஸ்கேனர் வேண்டுமா, வேண்டாமா?

அல்சூர் பாஸ்கரன்:
உள்ளாட்சித் தேர்தலை வாக்குச்சீட்டில் நடத்தலாம் என்று 2025 செப்டம்பரில் கர்நாடக அமைச்சரவை பரிந்துரை செய்ததிலிருந்து நம்மவர்கள் எல்லோரும் 'ஈவிஎம்மா, சீட்டா' என்றே பேசுகிறோம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஓட்டுப் போடுவது தாளில், எண்ணுவது ஸ்கேனரில். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. வாக்காளர் முட்டை வடிவக் கட்டத்தைப் பேனாவால் நிரப்பி, தானே ஸ்கேனரில் நுழைக்கிறார். ஒருவருக்குப் பதில் இரண்டு பேருக்குக் குறி போட்டிருந்தால் இயந்திரம் அங்கேயே எச்சரிக்கும், புதுத் தாள் வாங்கித் திருத்திக்கொள்ளலாம். எண்ணிய தாள் அடியிலிருக்கும் பெட்டிக்குள் விழும், சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். நம் ஊரில் சாயங்காலம் மேசையில் வைத்து 'இது செல்லாத ஓட்டு' என்று ஒதுக்குகிறார்களே, ஓட்டுப் போட்டவருக்கு அது தெரியவே தெரியாது. நீட் எழுதிய பிள்ளைகள் உள்ள வீட்டில் இப்படிக் கட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாள் ஒன்றும் புதிதில்லை. 2015-க்குப் பிறகு இந்த நகரத்துக்குக் கவுன்சிலர் தேர்தலே நடக்கவில்லை, இப்போது ஐந்து மாநகராட்சியாகப் பிரித்தும் விட்டார்கள். நடத்தும்போதாவது ஒழுங்காக நடத்தட்டும்.

ஸ்ரீராம்புரம் ராணி:
பாஸ்கரன், அமெரிக்காவில் ஸ்கேனர் ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். அங்கே ஒரே தாளில் அதிபர், செனட்டர், நீதிபதி, பள்ளிக் குழு, வரி பற்றிய கேள்வி என்று பத்து இருபது போட்டி இருக்கும். அதைக் கையால் எண்ணினால் நாள்கணக்கில் ஆகும். இங்கே ஒரு வார்டு, ஒரு பதவி, ஒருவருக்கு ஒரு சீட்டு. சின்னம் சின்னமாகப் பிரித்துக் கட்டுக் கட்டி எண்ணினால் முடிந்தது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தலில் ஒவ்வொருவருக்கும் நான்கு நிறத்தில் நான்கு சீட்டு. 2020 ஜனவரியில் எண்ணிக்கை இரண்டாவது நாளுக்கும் போனது உண்மைதான், ஆனால் எண்ணி முடித்தார்கள். நான்கையே எண்ண முடிகிறபோது ஒன்றை எண்ண எதற்கு இயந்திரம்?

அப்புறம், நம் சீட்டில் பேனாவே கிடையாது, ரப்பர் முத்திரைதான். அதை அம்புக்குறியோடு வடிவமைத்ததற்கே காரணம் உண்டு. சீட்டை மடிக்கும்போது மை இன்னொரு சின்னத்தின் மேல் ஒட்டினால், அம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து எது அசல் குத்து, எது மடிப்பில் ஒட்டியது என்று மேசையில் இருப்பவர் சொல்லிவிடுவார். ஸ்கேனருக்கு இரண்டும் மைதான்.

கேஜிஎஃப் தாமஸ்:
இரண்டு பேருமே தாளை நம்புகிறீர்கள், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எங்கள் பக்கம் பெட்டியில் கத்தை கத்தையாகச் சீட்டுத் திணித்த காலத்தைப் பார்த்தவன் நான். ஈவிஎம்மில் நிமிடத்துக்கு நான்கு ஓட்டுக்கு மேல் விழாது, சாவடியைப் பிடித்தவனும் அந்த வேகத்தில்தான் போட முடியும். சண்டிகர் மேயர் தேர்தலை மறந்துவிட்டீர்களா? 2024 ஜனவரி 30, மொத்தமே 36 ஓட்டு. தேர்தலை நடத்திய அதிகாரியே 8 சீட்டில் பேனாவால் கிறுக்கிச் செல்லாது என்று அறிவித்தார், தோற்க வேண்டியவர் மேயரானார். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த 8 ஓட்டும் செல்லும் என்று ஆனது. ஈவிஎம் பெட்டி நம் பெங்களூரு பிஇஎல் ஆலையில் தயாராகிறது, யாருக்குப் போட்டோம் என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டும் சேர்ந்தே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் பின்னால் போக வேண்டும்?

ஸ்ரீராம்புரம் ராணி:
தாமஸ் சார், சண்டிகரை நான் நேர் எதிராகப் பார்க்கிறேன். அந்த ஆள் கிறுக்கியதைக் கேமராவில் எல்லோரும் பார்த்தார்கள். சீட்டு நீதிபதிகளின் கைக்கே போனது, அவர்களே பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். தப்பு நடந்த இடம் கண்ணுக்குத் தெரிந்ததால் மூன்று வாரத்தில் சரியானது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் சொன்னதும் இதுதான்: தொழில்நுட்பம் படிக்காத குடிமகனும் எண்ணிக்கையின் முக்கியமான கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும். 2005-இல் அங்கே பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் அந்தக் கேள்வியில்தான் தோற்றன.

அல்சூர் பாஸ்கரன்:
ராணி அக்கா, அந்தத் தீர்ப்பு தாளே இல்லாத இயந்திரத்தைப் பற்றியது. நான் சொல்வதில் தாள் இருக்கிறது. கையால் எண்ணுவதை ரொம்பச் சுத்தமானதாகக் காட்டுகிறீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, சாப்பிடாமல், ஏஜென்ட்டுகள் நான்கு பக்கமும் கத்திக்கொண்டிருக்க, ஐம்பது சீட்டுக் கட்டில் நாற்பத்தொன்பது இருந்தால் யாருக்குத் தெரியும்? ஹரியானாவில் பானிபட் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 2022 சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) தேர்தலில் ஒரு சாவடியின் எண்ணிக்கை வேட்பாளர் மாறிப் பதிவானது. 2025-இல் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே மறுபடி எண்ணி, தோற்றவர் 51 ஓட்டில் ஜெயித்தவரானார். இயந்திரத்தில் பதிவு சரியாக இருந்தது, தாளில் எழுதிய மனிதர் தவறினார்.

விவேக் நகர் இளங்கோ:
நான் மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவன், பாஸ்கரன் பக்கம் சாய வேண்டியவன்தான். ஆனாலும் ஸ்கேனர் தவறுவது எப்படி என்று தெரிந்துகொண்டு பேசுவோம்.

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடாவின் வொலூசியா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), சில நூறு வாக்காளர்களே உள்ள ஒரு சாவடியிலிருந்து வேட்பாளர் அல் கோருக்கு மைனஸ் 16,022 ஓட்டு என்று வந்தது. நினைவக அட்டைக் கோளாறு. எண் கழித்தலில் வந்ததால் கண்ணில் பட்டது, கூட்டலில் வந்திருந்தால்? 2005-இல் அதே மாநிலத்தின் லியோன் கவுண்டியில் நிபுணர்கள் சோதனை ஓட்டெடுப்பு நடத்தினார்கள். தாளில் ஆம் 2, இல்லை 6. நினைவக அட்டையை முன்கூட்டியே மாற்றி வைத்திருந்ததால் இயந்திரம் ஆம் 7, இல்லை 1 என்றது. பிலிப்பைன்ஸ் 2010-இல் நாடு முழுவதும் ஸ்கேனருக்கு மாறியபோது, ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கையில் சோதனையில் இயந்திரங்கள் தப்பாகப் படித்தன. சுமார் 76,000 அட்டைகளை மாற்ற வேண்டி வந்தது.

ராணி அக்கா மடிப்பைப் பற்றிச் சொன்னார்களே, அது நடந்தே இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் வின்டாம் என்ற சிறு ஊர், 2020. தபால் சீட்டுகளை மடிப்பு இயந்திரத்தில் மடித்தார்கள், கோடு ஒரு வேட்பாளரின் கட்டத்தின் மேலேயே விழுந்தது, ஸ்கேனர் அதைக் குறி என்று எடுத்துக்கொண்டது. 24 ஓட்டில் தோற்ற ஒருவர் கையால் எண்ணச் சொன்னபோதுதான் வெளியே வந்தது. அவரை எதிர்த்த கட்சியின் வேட்பாளர்கள் நான்கு பேருக்கும் தலா 300 ஓட்டு அளவுக்குக் குறைவாகக் காட்டியிருந்தது, மறுஎண்ணிக்கை கேட்டவர் இன்னும் பின்னால் போனார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கு அப்படியே நின்றிருக்கும். அதுதான் என்னை உறுத்துகிறது. யாராவது கேட்டால்தான் சரிபார்ப்பு என்றால் அது சரிபார்ப்பே இல்லை.

அல்சூர் பாஸ்கரன்:
நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலும் பிழை பிடிபட்டது எதனால்? தாள் இருந்ததால், அதை இன்னொரு முறை வேறு வழியில் எண்ணியதால். கலிபோர்னியாவில் ஹம்போல்ட் கவுண்டி என்று ஒன்று, 2008 தேர்தலில் எண்ணிக்கைக்குப் பயன்படுத்திய மென்பொருள் 197 சீட்டுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. கண்டுபிடித்தது யார்? அதே சீட்டுகளைக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்கேனரில் போட்டு, யாரும் பார்க்கக்கூடிய திறந்த மென்பொருளில் எண்ணிய பொதுமக்கள். இதை நாம் இங்கேயும் செய்யலாம். படங்களை எல்லாக் கட்சிக்கும் கொடுத்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் வீட்டிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டாயச் சரிபார்ப்புக்கும் வழி இருக்கிறது. கொலராடோ 2017-இலிருந்து மாநிலம் முழுவதும் செய்கிறது. பத்து முகப் பகடைகளைப் பொதுமக்கள் முன்னால் உருட்டி, அந்த எண்ணை வைத்து எந்தெந்தச் சீட்டை எடுப்பது என்று முடிவு செய்து கையால் ஒப்பிடுகிறார்கள். ஓட்டு வித்தியாசம் குறைவாக இருந்தால் அதிகச் சீட்டு, பொருந்தாவிட்டால் முழு எண்ணிக்கை வரை போகும். ஜார்ஜியாவில் 2020-இல் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டைக் கையால் எண்ணினார்கள். ஸ்கேன் செய்யாமலே விட்டுப்போன 2,600 சீட்டு ஒரு கவுண்டியில் அப்போதுதான் கிடைத்தது.

கேஜிஎஃப் தாமஸ்:
தம்பி, இவ்வளவும் செய்வதற்கு விவிபேட் சீட்டையே அப்படி எண்ணிவிடலாமே. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பழைய சீட்டு முறைக்குப் போக மறுத்தது. அதே தீர்ப்பில், விவிபேட் சீட்டை இயந்திரத்தால் எண்ண முடியுமா, சின்னத்தோடு பார்கோடும் அச்சிடலாமா என்று பாருங்கள் என்றும் சொன்னது. புது ஸ்கேனர், புதுத் தாள், புதுப் பயிற்சி எதுவும் வேண்டாம், இருப்பதில் சேர்த்தால் போதும்.

விவேக் நகர் இளங்கோ:
பார்கோடு மட்டும் வேண்டாம் சார். வாக்காளர் படிப்பது சின்னம், இயந்திரம் படிப்பது கோடு. இரண்டும் ஒன்று என்று யார் உறுதி சொல்வது? எண்ணுவதானால் மனிதர் கண்ணுக்குத் தெரிகிற அதே குறியை எண்ண வேண்டும்.

ஸ்ரீராம்புரம் ராணி:
கொலராடோ முறை நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அது சட்டத்தில் இருக்கிறது. இங்கே முதல் வருடம் பகடை உருட்டுவார்கள், இரண்டாவது தேர்தலில் 'நேரமில்லை, இயந்திரம் சரியாகத்தான் இருக்கிறது' என்பார்கள். அப்புறம் நம்மிடம் இருப்பது பூட்டிய அறையில் தாளும், திரையில் ஒரு எண்ணும்தான். லண்டன் மேயர் தேர்தலை 2000-லிருந்து 2021 வரை ஸ்கேனரில் எண்ணியவர்கள் 2024-இல் கைக்குத் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய ஊர் எண்ணுகிறது, நாம் எண்ண மாட்டோமா?

என் பக்கத்திலிருந்து இவ்வளவுதான் முடியும்: முடிவு அறிவிப்பதற்கு முன்னாலேயே, ஏஜென்ட்டுகள் தேர்ந்தெடுத்த கட்டுகளைக் கையால் எண்ண வேண்டும், பொருந்தாவிட்டால் அந்த வார்டு முழுக்கக் கையால், தாள் சொல்வதே இறுதி. இது தேர்தல் விதியிலேயே எழுதப்பட்டால் உங்கள் ஸ்கேனரை எதிர்க்க மாட்டேன். சுற்றறிக்கையில் வந்தால் எதிர்ப்பேன்.

அல்சூர் பாஸ்கரன்:
விதியில் என்பதற்கு நானும் சம்மதம். ஏஜென்ட் தேர்ந்தெடுப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை அக்கா, தனக்குச் சாதகமான கட்டை அவர் விட்டுவிடுவார். அதைப் பகடைதான் முடிவு செய்ய வேண்டும், உருட்டுவது வேண்டுமானால் ஏஜென்ட்டாக இருக்கட்டும்.

ஸ்ரீராம்புரம் ராணி:
பகடையும் சரி, அதன் மேல் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தன் விருப்பப்படி இரண்டு கட்டு கேட்கும் உரிமையும் வேண்டும். தோற்றவர் வாயடைக்காவிட்டால் அந்தத் தேர்தல் முடியாது.

கேஜிஎஃப் தாமஸ்:
இந்த இரண்டு கட்டுக் கோரிக்கையை விவிபேட்டுக்கும் சேர்த்து எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். சீட்டு முறைக்குப் போடமாட்டேன்.