ஆண் குதிரைக்குட்டிக்கு எப்ப காயடிக்கலாம்?

கேள்வி: குட்டிக்கு 10 மாசம் ஆகுது, இப்பவே பெட்டைக்குதிரைய பாத்தா கத்துது, கை நீட்டினா கடிக்க வருது. இப்பவே காயடிச்சிடலாமா, இல்ல 2 வயசு வரைக்கும் விட்டா உடம்பு நல்லா ஏறும்னு சொல்றாங்களே அது உண்மையா?

பதில் 1: இனவிருத்திக்கு வெச்சிக்கப் போறதில்லன்னா எதுக்கு வெயிட் பண்றீங்க? 6 மாசத்துல இருந்து 1 வயசுக்குள்ள பண்றதுதான் வழக்கம், சின்னதுல புண்ணும் சீக்கிரம் ஆறும். முன்னாடியே பண்ணா கால் எலும்பு வளர்ச்சி கொஞ்சம் லேட்டா நிக்கும், அதனால உயரம் கூடத்தான் செய்யும், குறையாது. கழுத்துதான் அவ்வளவு தடிக்காது, அவ்ளோதான்.

பதில் 2: அதுக்கு முன்னாடி ரெண்டு விதையும் கீழ இறங்கியிருக்கான்னு டாக்டர தொட்டுப் பாக்க சொல்லுங்க, ஒண்ணு வயித்துக்குள்ளயே நின்னுட்டா அது பெரிய ஆபரேஷன். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கணும், ஈ மொய்க்கிற சீசன்ல வேண்டாம். மறுநாள்ல இருந்து தினமும் நடக்க விடுங்க, கட்டியே போட்டா வீங்கிடும்.

கேள்வி கேட்டவர்: பண்ண உடனே பெட்டைகளோட விடலாமா?

பதில் 2: ஐயோ வேண்டாம், உள்ள விந்து மிச்சம் இருக்கும், ஒரு மாசமாவது தனியா வைங்க. கடிக்கிறது பழக்கமாயிருந்தா அதுக்கு தனியா பழக்கணும், காயடிக்கிறது அத சரி பண்ணாது.